தொட்டுப் பார்த்து வாங்குகிற கிதர் முகம்மது

திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருப்பவர்களுக்குக் கிதர் முகம்மதுவைத் தெரியாமல் இருக்காது. தெரியாது என்று யாராவது சொன்னால், ஆள் தொழிலுக்குப் புதுசு என்று அர்த்தம். உப்புப் போட்டு மடித்து வரும் ஆட்டுத்தோலை விரித்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது எதற்கும் ஆகாது என்று பிரித்துத் தள்ளுவது அவர் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாக அதைத்தான் செய்கிறார். கண்ணால் பார்த்துப் பிரிப்பதில்லை, வலது கைக் கட்டைவிரலால் பிரிப்பார். விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், முள் கிழித்த இடம் எது, உண்ணி கடித்த இடம் எது என்று சொல்லிவிடுவார்.

அதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. மனுஷன் அந்த விரலை ஊரெல்லாம் கொண்டுபோனார். துணிக்கடையில் துணியைத் தேய்த்துப் பார்ப்பார். சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து காய் விற்கிற அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஷரீஃபாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில், டீ வருவதற்கு முன்னால் சோபா உறையைத் தடவிப் பார்த்து, "இது தோல் இல்ல, ரெக்சின்" என்று மாமனாரிடமே சொன்னவர் அவர். ஷரீஃபா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். தொட்டுப் பார்க்காத பொருளைக் கிதர் முகம்மது வாங்கினதில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

மகள் விஷயத்திலும் அப்படித்தான். ஷப்னம் அவருக்கு ஒரே பிள்ளை. நாலாம் வகுப்பு படிக்கும்போது, முன்னால் கூடை வைத்த சின்ன சைக்கிள் வேண்டும் என்று கேட்டாள். இவர் கடைக்குப் போனார், சீட்டைத் தடவினார், கம்பியை அமுக்கினார், கூடை வைத்ததெல்லாம் வெறும் தகரம் என்று ஒதுக்கிவிட்டு, பால்காரர் ஓட்டுகிற மாதிரி ஒரு கனத்த சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வாசற்படி தாண்டி அதைத் தூக்க அந்தப் பிள்ளையால் முடியவில்லை. மறு வருஷம், லேசான பள்ளிக்கூடப் பை வேண்டும் என்றாள். கடைப் பையெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது என்று, தானே தோல் பொறுக்கிக் கொடுத்துத் தெரிந்தவரிடம் தைத்து வாங்கினார். அசல் தோல். புத்தகம் வைப்பதற்கு முன்பே தோள்பட்டை இறங்கியது. மழையில் நனைந்தபோதெல்லாம் வகுப்பே மூக்கைப் பொத்தியது. ஷப்னம் ஒரு வார்த்தை சொல்லாமல் வருஷம் முழுக்க அதைச் சுமந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. பெருநாளுக்கு என்ன கலரில் சுடிதார் எடுக்கலாம் என்றால், "எதுன்னாலும் சரித்தா" என்பாள். பேக்கரியில் நிறுத்தி என்ன வேண்டும் என்றாலும் அதே பதில். கோபம் கிடையாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது கிடையாது. அதுதான் அவரை அரித்தது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். இவள் சண்டைக்கே வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன்னைப் பெற்ற அத்தாவிடம் எதுவும் கேட்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டால், அப்புறம் அத்தா என்று எதற்கு ஓர் ஆள்? யாரிடமும் சொல்லமாட்டார், ஆனால் இந்தக் கேள்வி இரண்டு வருஷமாக அவர் கூடவே மண்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு கார்த்திகை மாசத்தில், ஷப்னத்தின் பள்ளிக்கூடத்துக்கு மதுரையிலிருந்து சில கல்லூரிப் பிள்ளைகள் தொலைநோக்கி கொண்டுவந்தார்கள். பொழுது சாய்ந்ததும் மைதானத்தில் வைத்து, வரிசையில் நிற்கவிட்டு, நிலாவையும் சனிக்கிரகத்தையும் காட்டினார்கள். ஷப்னம் பார்த்துவிட்டு வரிசையின் கடைசிக்கு ஓடினாள். மறுபடியும் பார்த்தாள், மறுபடியும் ஓடினாள். கூட்டிப்போக வந்த ஷரீஃபா கேட்டுக்கு வெளியே கால் கடுக்க நின்றாள். வாட்ச்மேன் பூட்டை எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் பிள்ளை வெளியே வந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அத்தா, எனக்கு ஒரு டெலஸ்கோப் வேணும்" என்றாள்.

வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்த ஷரீஃபாவின் கரண்டி அப்படியே நின்றது. கிதர் முகம்மது பிசைந்த சோற்றோடு நிமிர்ந்தார். கேட்டுவிட்டாள். பிள்ளை வாய் திறந்து கேட்டுவிட்டாள். எழுந்து நின்று ஆடலாம் போல இருந்தது அவருக்கு. ஆனால் வாயில் வந்தது பழைய வார்த்தைதான்.

"அதுக்கென்னம்மா, நல்லதாப் பாத்து வாங்கிருவோம்."

ஷப்னத்தின் முகம் மாறியது. சைக்கிளுக்கு முன்னாலும் பைக்கு முன்னாலும் அவர் சொன்னது இதே வார்த்தைதான். "வாங்கலன்னாலும் பரவால்லத்தா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள்.

ஷரீஃபா அவள் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தாள். "இந்தத் தடவையாச்சும் அந்தப் புள்ள சொல்றதக் காதுல வாங்குங்க. இதையும் கெடுத்தீங்கன்னா, இனிமே ஒங்ககிட்ட அவ ஒண்ணும் கேக்க மாட்டா."

"தெரியும்" என்றார் கிதர் முகம்மது. தெரியத்தான் செய்தது. தெரிந்து என்ன செய்ய, கை கேட்க வேண்டுமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து நாகல் நகருக்குப் போனார். அங்கே இனிகோ என்பவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். கேரம் போர்டு, கிரிக்கெட் மட்டை, பிறந்தநாள் தொப்பி எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடி அலமாரியில், சிவப்புக் கலரில் ஒரு தொலைநோக்கி நீட்டிக்கொண்டு நின்றது.

"அறுநூறு மடங்கு பெருசாக் காட்டும் பாய்" என்றார் இனிகோ. "பெட்டியில படத்தப் பாருங்க, வளையம் எம்புட்டுப் பெருசு."

கிதர் முகம்மது படத்தைப் பார்க்கவில்லை. குழாயின் மேல் விரலை ஓட்டினார். வழவழவென்று இருந்தது, ஒரு பிசிறு இல்லை. திருகாணிகளைத் திருகினார். கூடக் கொடுக்கிற பையின் தையலை இழுத்துப் பார்த்தார், தையல் நின்றது. மூன்று காலையும் விரித்து நிறுத்தினால் அவர் நெஞ்சு உயரத்துக்கு ஜோராக நின்றது. இனிகோ அதை எதிர்ச்சாரி மருந்துக்கடைப் பலகைக்குத் திருப்பி, பாருங்கள் என்றார். பலகையின் எழுத்து குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது. ரோட்டில் பஸ் போனபோது எழுத்தே காணாமல் போனது.

"ரோட்டு அதிர்வு பாய். மாடியில வச்சா ஆடாது."

அவர் தலையாட்டினார். விரல் சரி என்று சொல்லிவிட்டது, கண் சொன்னதை யார் கேட்டார்கள்? பில் போடச் சொல்லப் போனவருக்கு ஷரீஃபாவின் பேச்சு ஞாபகம் வந்தது. போனில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். ஷப்னத்திடம் காட்டு, இது போதுமா என்று கேள் என்று கூடவே எழுதினார். செத்த நேரத்தில் பதில் வந்தது. ஷப்னமே தட்டியிருந்தாள்.

'எதுன்னாலும் சரித்தா.'

கிதர் முகம்மது அதை இரண்டு தடவை படித்தார். தொலைநோக்கியைப் பார்த்தார். கையை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கப்பா இனிகோ. கேட்டுட்டு வாரேன்."

"யாருகிட்ட பாய்?"

"வாங்கித் தரச் சொன்னவுககிட்ட."

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். "நீ சொல்லு. எப்படி இருக்கணும்னு நீ சொல்லு. நான் வாயத் தெறக்கல."

ஷப்னம் அவரை நம்பாமல் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அறுநூறு மடங்கெல்லாம் வேணாம்த்தா. அம்புட்டுப் பெருசாக் காட்டுனா எல்லாம் மங்கலாத்தான் தெரியும். நெறைய வெளிச்சம் உள்ள வரணும். அதுக்கு அடியில இருக்குற கண்ணாடி அகலமா இருக்கணும். அப்புறம் ஆடக் கூடாது. அதுதான் முக்கியம்."

போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வாயைத் திறப்பதில்லை என்று சொன்னது கிதர் முகம்மதுவுக்கு மறந்துபோனது. "இது என்னம்மா, வாளி மாதிரி இருக்கு. காலு எங்க?"

"காலு கெடையாதுத்தா. ஸ்டூல் மேல வைக்கணும்."

"எந்தக் கடையில இருக்கு? போய்த் தொட்டுப் பாத்துட்டு வந்துருவோம்."

"இங்க எந்தக் கடையிலயும் இல்ல. நெட்லதான் போடணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நான் பாத்துட்டேன்த்தா. ஸ்கூலுக்குக் கொண்டாந்தது இதுதான்."

தொட்டுப் பார்க்காமல் ஒரு பொருள். படத்தைப் பார்த்து ஆட்டுத்தோல் வாங்கச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவருக்கு. வாய் வரை வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு, "சரி, போடு" என்றார். ஷரீஃபா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர்கள் குடியிருக்கும் பேகம்பூர்ச் சந்துக்குள் கூரியர் வண்டி நுழையாது. அதனால் மண்டி முகவரியைக் கொடுத்தார்கள். ஷப்னம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். "வந்ததும் பிரிக்காமக் கொண்டு வாங்கத்தா. நான்தான் பிரிப்பேன்."

"பிரிக்க மாட்டேன்மா" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

சரக்கு இருப்பில்லாமல் தாமதமாகி, பெட்டி தை மாசம் ஒரு மத்தியானம் வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. மண்டியில் ஒரு பழக்கம் உண்டு. வருகிற சரக்கு எவ்வளவு தெரிந்த இடத்திலிருந்து வந்தாலும், கட்டைப் பிரித்து நாலு தோலை உருவிப் பார்க்காமல் இறக்க மாட்டார்கள். இறக்கிவிட்டால் அப்புறம் அது நம் தலையில். லோடு இறக்குகிற சடையாண்டிக்கும் அது ஊறிப்போன பழக்கம்.

"மூலை நசுங்கியிருக்கு பாய். பிரிச்சுப் பாத்துருங்க. உள்ள ஒடஞ்சிருந்தா பாப்பா முன்னாடி அசிங்கமாப் போயிரும்."

பிரிக்க மாட்டேன் என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. இல்லாமல் இல்லை. ஆனால் உடைந்த சாமானைக் கொண்டுபோய்ப் பிள்ளை கையில் கொடுப்பதா? இதுவும் கெட்டுப்போனால்? பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடலாம் என்று நினைத்தார். கத்தியை எடுத்து டேப்பைக் கீறினார். தப்பு செய்யப் போகிறவனுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கையில் இருக்கும் போல.

உள்ளே ஒன்றும் உடையவில்லை. குட்டையான, அகலமான குழாய், அடியில் வட்டமாக ஒரு கண்ணாடி. குனிந்து பார்த்தால் அவருடைய மூக்கு பெரிதாகத் தெரிந்தது. நசுங்கின பக்கமாகக் கண்ணாடியில் ஏதோ கோடு மாதிரி இருந்தது. விரிசலா, நிழலா? கண்ணுக்குப் பிடிபடவில்லை. இருபது வருஷப் பழக்கம் யோசிக்க நேரம் கொடுக்குமா? கை உள்ளே போனது. கட்டைவிரலை வைத்து, தோலை இழுக்கிற மாதிரி ஓர் இழுப்பு.

விரிசல் இல்லை. நிழல்தான். ஆனால் இப்போது கண்ணாடியின் நடுவே, உப்பும் கொழுப்பும் கலந்த ஒரு பட்டை பளபளவென்று கிடந்தது. பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். அன்றைக்குக் காலையிலிருந்து உப்புத் தோல் புரட்டின துண்டு. நன்றாக, அழுத்தி, வட்டமாகத் துடைத்தார். வீட்டுக் கண்ணாடியை அப்படித்தானே துடைப்போம்?

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடி முழுக்க, முடி மாதிரி, வட்ட வட்டமாகக் கீறல்.

சடையாண்டியும் எட்டிப் பார்த்தான். பிறகு, "வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிருங்க பாய். அதான் மூலை நசுங்கியிருக்குல்ல. வேற அனுப்பிருவான்" என்றான்.

நல்ல யோசனைதான். யாருக்கும் நஷ்டமில்லை, பிள்ளைக்கும் புதுசு கிடைக்கும். கிதர் முகம்மது பெட்டியை மறுபடியும் ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். வழி நெடுக அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வீடு வருவதற்குள் அது நன்றாகவே வந்தது.

அந்தி மஃரிப் தொழுதுவிட்டு அவர் வந்தபோது ஷப்னம் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு டேப் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பதை அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் பிரித்தாள், குழாயைத் தூக்கி லைட்டுக்குக் காட்டினாள், உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கண்ணாடியெல்லாம் கீறல் விழுந்திருக்கு" என்றாள். பிறகு அவரைப் பார்க்காமலே கேட்டாள். "வரும்போதே இப்படியாத்தா?"

சொல்ல வேண்டியதை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அது ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. அடுத்தது என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். பரவால்லத்தா. எதுன்னாலும் சரித்தா. இன்னொரு தடவை அதைக் கேட்க அவரால் முடியாது.

"இல்லம்மா. நான்தான் பிரிச்சேன். வெரல வச்சு இழுத்தேன். அப்புறம் துண்டால தொடச்சேன்."

ஷப்னம் குழாயைக் கீழே வைத்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"பிரிக்காதீங்கன்னுதானே சொன்னேன்?" குரல் சந்துக்கே கேட்டிருக்கும். "ஒரே ஒண்ணுதானே சொன்னேன்? சைக்கிளும் அப்படித்தான், பையும் அப்படித்தான். அந்தப் பையத் தூக்கிட்டுப் போனதுக்கு என்னைய செத்த ஆடுன்னு கூப்புட்டாங்க, ஒங்களுக்குத் தெரியுமா? நான் கேட்டத நீங்க ஒரு தடவகூட வாங்கித் தந்ததில்ல. ஒங்களுக்குப் புடிச்சதத்தான் வாங்குவீங்க. இது ஒண்ணுதான் என்னோடது. இதையும் தொட்டுட்டீங்க."

"ஏ புள்ள, அத்தாகிட்ட இப்படியா பேசுவ?" என்று ஷரீஃபா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"நீ சும்மா இரு ஷரீஃபா. பேசட்டும்."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செத்த ஆடு என்று கூப்பிட்டார்களாமே, அது அவருக்குத் தெரியாது. ஆனால் அதோடு கூடவே, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அப்படி ஒரு சந்தோஷம் அவருக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. திட்டுகிறாள். இரண்டு வருஷம் கழித்து, முகத்துக்கு நேராக, உரிமையோடு, தன் பிள்ளை தன்னைத் திட்டுகிறாள். இன்னும் நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று நின்றுகொண்டிருந்தார்.

மூச்சு வாங்கினபிறகு ஷப்னம் கேட்டாள். "துண்டு எந்தத் துண்டு?"

"மண்டித் துண்டு."

"முகம் பாக்குற கண்ணாடிக்கு ரசப் பூச்சு பின்னாடி இருக்கும்த்தா. இதுக்கு முன்னாடிதான் இருக்கும். விரலே படக் கூடாது."

அவருக்கு உடனே விளங்கியது. தோலில் எந்தப் பக்கம் உப்பைத் தேய்க்கலாம், எந்தப் பக்கம் நகம்கூடப் படக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவர் அவர். "அனுப்புனவங்ககிட்ட நான் செஞ்சத நானே சொல்லி, காசு குடுத்து வேற வாங்கித் தாரேன்மா" என்றார்.

"மொதல்ல இதுல தெரியுதான்னு பாப்போம். நீங்க தூக்க வேணாம். ஸ்டூல மட்டும் எடுத்துட்டு வாங்க."

மாடியில் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. தலைக்கு மேலே பாதி நிலா இருந்தது. ஷப்னம் குழாயை ஸ்டூல் மேல் வைத்து, முட்டி போட்டு, நிலாவை விட்டுவிட்டுக் கிழக்கே பளிச்சென்று இருந்த ஒன்றுக்குத் திருப்பினாள். கிதர் முகம்மது படிக்கட்டுப் பக்கத்திலேயே நின்றார். தெரியவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் திருகினாள், கண்ணை எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

"சுத்தி லேசாப் பொகை மாதிரி இருக்கு" என்றாள். "ஒங்க துண்டு வேலை." பிறகு, "ஆனா தெரியுது" என்றாள்.

"தெரியுதா?"

"வியாழன்த்தா. பக்கத்துல அதோட நிலா நாலு இருக்கு. வாங்க, வந்து பாருங்க." அவர் ஓரடி எடுத்து வைத்ததும் கையை நீட்டித் தடுத்தாள். "கையப் பின்னாடி கட்டிக்கங்க."

கிதர் முகம்மது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். முதலில் தன் இமை முடிதான் தெரிந்தது. பிறகு ஒரு சின்ன உருண்டை, அதன் பக்கத்தில் ஒரே வரிசையில் நாலு புள்ளி. அசையாமல் நின்றன. பெட்டிப் படத்தில் இருந்த மாதிரி பெரிதாக ஒன்றும் இல்லை. விரலை வைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் ஒரு சாமான், அது இருக்கிறது என்று பிள்ளை சொல்கிறாள், இருக்கத்தான் செய்கிறது.

"தெரியுதாத்தா?"

"தெரியுதும்மா. நாலு."

"டார்ச்சுக்குச் சுத்துறதுக்குச் செவப்புக் கண்ணாடிக் காகிதம் வேணும். வெள்ளை வெளிச்சம் பட்டா கண்ணு மறுபடி பழக நேரமாகும்" என்றாள் ஷப்னம். "இந்த ஸ்டூல் ஒசரம் பத்தல, வேற வேணும். லீவு விட்டதும் கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போகணும், அங்க இம்புட்டு லைட்டு இருக்காது. பாத்துக்கலாம்னு சொல்லக் கூடாது."

"சொல்லலம்மா."

"காகிதம் வாங்க நானும் வருவேன்."

"வா."

கைகள் பின்னால் கட்டியபடியே இருந்தன. கண்ணை எடுத்தால் அவள் பார்த்துவிடுவாள் என்று, கலங்கிய கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு, இப்போது ஒன்றும் தெரியாத அந்தக் குழாய்க்குள் பார்த்தபடியே கிதர் முகம்மது கேட்டார்.

"இன்னும் என்னம்மா வேணும்? சொல்லு."